அக்ரியபிள் கிரே, ரிபோஸ் கிரே: ஹாலுக்கு எதை அடிக்கலாம்?

அக்ரியபிள் கிரே, ரிபோஸ் கிரே என்ற இரண்டு ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் நிறங்களின் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் ஒரே சாம்பல்தானே" என்று குழம்பிப் போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி நினைத்துத்தான் ஹால் முழுக்க ரிபோஸ் அடித்தேன், ஒரு வருஷத்துக்குள் மறுபடி பெயிண்ட் வாளியைத் தூக்கினேன். டிசைனர் எல்லாம் இல்லை, பட்டவள்.

சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்ஆர்வி என்று ஒரு கணக்கு உண்டு, 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. அக்ரியபிளுக்கு 60, ரிபோஸுக்கு 58. இந்த இரண்டு புள்ளிக்கா இவ்வளவு கதை என்று யாராவது கிளம்பி வருவார்கள், வரட்டும். சிக்கல் அந்த எண்ணில் இல்லை, அடியில் ஒளிந்திருக்கும் சாயலில். அக்ரியபிள் மணல் பக்கம் சாயும். ரிபோஸ் கொஞ்சம் குளிர்ச்சி, சில வெளிச்சத்தில் ஊதா எட்டிப் பார்க்கும்.

என் ஹாலுக்கு வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். நேர் வெயில் விழாது, வருகிற வெளிச்சமே நீலம் கலந்தது, போதாததற்கு 6500 கெல்வின் வெள்ளை பல்பு வேறு. அடித்து முடித்த அன்று மகள் உள்ளே வந்து, "ஏம்மா கத்தரிப்பூ கலர் அடிச்சே?" என்றாள். அதன் பிறகு எனக்கும் வேறு எதுவும் தெரியவில்லை. மஞ்சள் வெளிச்சம் தருகிற 3000 கெல்வின் பல்பு மாற்றினேன், ராத்திரி சரியானது, பகலில் அதே கத்தரிப்பூ. கடைசியில் அந்த ரிபோஸ் மேலேயே அக்ரியபிள் அடித்தேன்.

இதில் பெயிண்டர் வேறு. நிறம் தேர்ந்தெடுத்தது நான், பணம் கொடுத்தது நான், ஆனால் எதைக் கேட்டாலும் "சார் வந்ததும் பேசிக்கலாம்மா". சாருக்கு இன்று வரை இரண்டு நிறத்தின் பெயரும் தெரியாது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேராகச் சுவரில் திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள், பழைய நிறம் பக்கத்திலேயே இருந்து கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் வெள்ளை தெரிகிற மாதிரி ஒவ்வொரு சுவராக மாற்றி வைத்துக் காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். சாயல் தானாக வெளியே வந்துவிடும். தெற்கு வெயில் கொட்டுகிற வீட்டில் ரிபோஸ் அழகாகவே இருக்கலாம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆமாம், உங்கள் ஜன்னல் எந்தத் திசை என்று சொல்லவே இல்லையே?