புது இன்ஜினை மெல்ல ஓட்டுவதா, மிதித்து ஓட்டுவதா?

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய புத்தம்புது சுசூக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்கியிருக்கிறேன். ஆறு கியர், டர்போ. அடுத்த வாரம் கொழும்புக்குப் போய் எடுத்து வர வேண்டும். ஆயிரம் கிலோமீற்றர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே என்கிறார் மாமா. முதல் நாளே நன்றாக மிதித்தால்தான் இன்ஜின் திறக்கும் என்கிறான் கூட்டாளி. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பொறுமை வேண்டும் என்பதில் மாமா சரி. இன்ஜினுக்குப் பாரம் கொடுக்க வேண்டும் என்பதில் கூட்டாளி சரி. நாற்பதிலேயே ஊர்ந்தாலும் பிழை, அடி வரைக்கும் மிதித்தாலும் பிழை.

பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரின் சுவரைத் தொழிற்சாலையில் வழுவழுப்பாக விடுவதில்லை. ஹோன் பண்ணி, அதாவது கல்லால் உரசி, நம்மூர்ப் பன்பாய்ப் பின்னல் மாதிரி குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குள் ஒயில் நிற்கும். கோட்டின் மேடுகளில், பிஸ்டனைச் சுற்றிப் போட்டிருக்கும் ரிங் தேய்ந்து தேய்ந்து தனக்கு இடம் பிடிக்கும். இதைத்தான் ரிங் படிவது என்கிறோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் இல்லை. எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளும். பெடலைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் காணாது. ரிங் படியாது, சுவரில் ஒயில் எரிந்து வார்னிஷ் பூசியது போல் ஆகிவிடும்.

இதை நான் கையால் தொட்டுப் பார்த்தவன். 2004 சுனாமிக்குப் பிறகு, உப்புத் தண்ணீர் புகுந்த டீசல் வான் ஒன்றைக் கல்லடியில் என் கராஜில் இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), புது ரிங் போட்டேன். மீன் ஏற்றிப் பிழைக்கிற மனிதர். வீடு போய்விட்டது, வான்தான் மிச்சம். பழைய ஆட்கள் சொன்னதை நம்பி, ஒரு பகல் முழுக்க இன்ஜினைச் சும்மா ஸ்டார்ட்டில் விட்டேன். ‘மெல்ல மெல்ல ஓட்டுங்கள் அண்ணே’ என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் நீலப் புகையோடு திரும்பி வந்தார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. நகத்தை ஓட்டினேன், ஒரு கோடு தட்டுப்படவில்லை. திரும்ப ஹோன் பண்ணி, ரிங் மாற்றி, காசு வாங்காமல் கொடுத்தேன். அவர் தொழில் இல்லாமல் நின்ற அந்த ஒன்பது நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது.

இனி உங்கள் காருக்கு வருவோம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ரிங் படிகிற முக்கியமான தூரம் அந்த முதல் பயணத்திலேயே முடிந்துவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பொலன்னறுவை தாண்டினால் நேர்ப் பாதை. ஆறாம் கியரைப் போட்டு, எழுபதில் பிடித்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே வாழைச்சேனை வரைக்கும் வந்துவிடுவார்கள். அப்படி வராதீர்கள். இன்ஜின் சூடானதும் மூன்றாம் கியரில் பெடலைப் பாதி வரை மிதித்து, இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றிலிருந்து 3500 வரை ஏற விடுங்கள். பிறகு காலை எடுத்து, கியரிலேயே தானாக வேகம் குறைய விடுங்கள். காலை எடுக்கும்போது உண்டாகிற உறிஞ்சல் ரிங் பக்கம் ஒயிலை இழுத்துத் தரும். இப்படி ஏற்றி இறக்கி வாருங்கள். சட்டப்படி எழுபதுக்குள்ளேயே இதையெல்லாம் செய்யலாம்.

டர்போ காரில் சுற்றை மட்டும் பார்த்தால் காணாது. உங்கள் 1.4 லீற்றர் இன்ஜினின் முழு இழுவை, 230 நியூட்டன் மீற்றர், 2500 சுற்றிலேயே வந்துவிடும். ‘நான் மூவாயிரத்தைத் தாண்டவே இல்லை’ என்று ஒருவர் சொல்லலாம், ஆனால் பெடல் அடியில் கிடந்திருந்தால் இன்ஜின் முழுப் பாரத்தையும் சுமந்திருக்கும். அதே போல ஆறாம் கியரில் நாற்பதில் உருட்டி, அங்கிருந்து அமத்தி இழுக்கவும் கூடாது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சுகிற டர்போ இன்ஜினில், குறைந்த சுற்றில் கூடிய பாரம் கொடுத்தால் நேரத்துக்கு முன்னமே தீப்பற்றி, பிஸ்டனே உடையலாம். காத்தான்குடி, கல்முனை நெரிசலில் மூன்றாம் கியர் போதும்.

சுசூக்கியின் ஆங்கிலக் கையேடுகளில் முதல் 960 கிலோமீற்றர் என்று இருக்கும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, முழுதாக மிதித்துக் கிளப்பாதே, முதல் 320 கிலோமீற்றர் பலமாகப் பிரேக் அடிக்காதே என்றுதான் எழுதியிருப்பார்கள். டொயோட்டாவின் சில கையேடுகள் 1600 கிலோமீற்றர் சொல்கின்றன. சுபாரு அதே 1600 வரைக்கும் 4000 சுற்றைத் தாண்டாதே என்கிறது. உங்களுக்கு வருகிற புத்தகம் ஜப்பானிய மொழியில் இருக்கும். ‘நராஷி உன்டென்’ (慣らし運転, புதுக் காரைப் பழக்கி ஓட்டுவது) என்கிற பக்கத்தைத் தேடி, கைத்தொலைபேசிக் கமராவால் மொழிபெயர்த்து வாசியுங்கள்.

புதுப் பிரேக்கும் டிஸ்க்கோடு படிய வேண்டும், புது டயரின் மேல் பூச்சும் போக வேண்டும். ஆகவே கொழும்பில் விடியவே கிளம்பி, இருட்ட முன்னம் வெலிக்கந்தை, புணானைப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். அங்கே யானை குறுக்கே வந்தால் பிரேக்கை ஏறி மிதிக்கத்தான் வேண்டிவரும். ஊருக்கு வந்த பிறகு காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்கு ஒரு ஓட்டம் போய் வாருங்கள். அறுவடைக் காலம் என்றால் பாதி ரோட்டில் நெல் காயும், கவனம்.

ஒயில் விஷயத்தில் கம்பனிக்குக் கம்பனி பேச்சு மாறும். நேரம் வரும் வரைக்கும் முதல் ஒயிலை மாற்றாதே என்று ஹொண்டா எழுதுகிறது. பிஎம்டபிள்யூவின் ‘எம்’ (M) ரகக் கார்களுக்கோ 2000 கிலோமீற்றரில் கட்டாயம் மாற்ற வேண்டும். உங்கள் புத்தகம் தடுக்கவில்லை என்றால் 1000இல் மாற்றுங்கள் என்பேன். இறக்கிய ஒயிலை வெள்ளை பேசினில் ஊற்றி வெயிலில் சரித்துப் பாருங்கள், மீன் செதிலைப் பொடி பண்ணித் தூவியது மாதிரி மினுங்கும். அது தேய்ந்த உலோகத் தூள். புத்தகத்தில் உள்ள கிரேட் ஒயிலையே திரும்ப ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் ஒரே நாளில் சிவப்புக் கோட்டுக்குப் போகாமல், 200 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஐந்நூறு சுற்றாகக் கூட்டிப் போங்கள்.

ஒக்டேன் 95 பெற்றோல் மட்டும் அடியுங்கள். ஜப்பானில் இந்தக் காருக்குச் சொல்வதே ஒக்டேன் கூடிய பிரீமியம்தான். 95 எல்லாப் பெற்றோல் செட்டிலும் கிடைக்காது, தாங்கி பாதியானதும் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: ஜப்பானில் 30,000 கிலோமீற்றர் ஓடிய காரை இறக்கினோம். அதற்கும் இப்படிப் பழக்கி ஓட்டுகிற ரன்னிங் இன் செய்ய வேண்டுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த இன்ஜினில் ரிங் எப்போதோ படிந்துவிட்டது. பிரேக் பேட், டயர் புதிதாகப் போட்டிருந்தால் அவற்றுக்கு மட்டும் முதல் 300 கிலோமீற்றர் நிதானம் போதும்.

கேள்வி: புதுக் காரைக் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டுச் சூடாக்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், செங்கலடி

பதில்: நம்ம ஊர் வெப்பத்துக்கு அரை நிமிடம் காணும். பிறகு மெல்ல ஓட்டியே சூடாக்குங்கள். தண்ணீர் சூட்டுக்கு வந்த பிறகும் ஒயில் சூடாகக் கொஞ்சம் பிந்தும். ஆகவே ஏழெட்டுக் கிலோமீற்றர் போகும் வரைக்கும் டர்போவைச் சீண்டாதீர்கள். வீட்டுக்கு வரும்போதும் கடைசி இரண்டு கிலோமீற்றரை ஆறுதலாக ஓட்டி வந்து, பிறகு இன்ஜினை நிறுத்துங்கள்.