டெபியனில் ரஸ்ட் ஏன் பழையதாகவே கிடைக்கிறது?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-இல், மென்பொருள் நிறுவும் கருவியான ஏப்ட் வழியாக ரஸ்ட் நிரல்மொழியை நிறுவினேன். கிடைத்ததோ 1.63 பதிப்பு, நண்பர் கொடுத்த நிரலை அதில் தொகுக்க (இயங்கும் நிரலாக மாற்ற) முடியவில்லை. ஏன் இந்தப் பின்தங்கல்? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: பராமரிப்பாளர்களின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ரஸ்ட் 6 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிட, டெபியனோ ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து, அதன்பின் தன் பதிப்புகளைப் பெரும்பாலும் மாற்றாமல் காக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த 1.63, 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் அப்படித்தான் நிலைத்தது.

உண்மையான தலைவலி நூலகங்களில், அதாவது நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல்பகுதிகளில்தான் இருக்கிறது. ரஸ்ட் நிரல்களைத் தொகுக்கும் கருவியான கார்கோ, தனக்கு வேண்டிய நூலகங்களை இணையத்திலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். டெபியனின் விதிகளோ நிரலைத் தொகுக்கும் நேரத்தில் இணையத் தொடர்பை அனுமதிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நூலகத்தையும், எடுத்துக்காட்டாக செர்டே என்ற நூலகத்தை, ‘லிப்ரஸ்ட்-செர்டே-டெவ்’ என்ற தனிப்பொதியாக்கி (நிறுவத்தக்க மென்பொருள் கட்டாக்கி), அதன் உரிமத்தையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சிறு கருவி ஒன்றுக்கே இப்படிப் பல பொதிகள் தேவைப்படுவதுண்டு. போதாக்குறைக்கு, நிரல்களைத் தொகுக்கும் ரஸ்ட் தொகுப்பியே ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டிருப்பதால், புதியதை உருவாக்க முந்தைய பதிப்பு கையில் இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்வதற்கு, ரஸ்டின் புதிய பதிப்புகளை நேரடியாக நிறுவும் ரஸ்டப் கருவியை உங்கள் இல்லக் கோப்புறையில் நிறுவிக்கொள்ளுங்கள். அலுவலகச் சேவையகத்தில் மட்டும் டெபியனின் பொதியையே நான் நம்புவேன்.