செர்னோபிலில் ஓநாய்கள் திரும்பிவிட்டனவே, கதிர்வீச்சைச் சொல்லி நம்மை வீணாகத்தான் பயமுறுத்தினார்களா?

இதைக் கேட்டவர் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். என் மச்சானும் இதையேதான் கேட்டார், அதுவும் என் தோட்டத்தைக் காட்டி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் செர்னோபில். உக்ரைனில் இருந்த அந்த அணுமின் நிலையத்தில் 1986 ஏப்ரல் 26 அன்று உலை வெடித்தது. மறுநாள் பக்கத்திலிருந்த பிரிபியாத் நகரத்தின் ஏறத்தாழ 49,000 பேரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். உலைக்குப் பக்கத்திலிருந்த பைன் மரங்கள் செந்நிறமாகிச் செத்தன. இன்று அங்கே காடு இருக்கிறது. எல்லை தாண்டி பெலாரஸ் நாட்டுப் பக்கத்தில் எடுத்த கணக்கில், கதிர்வீச்சு படாத சரணாலயங்களைவிட ஓநாய்கள் ஏழு மடங்கு அதிகம் என்று 2015இல் வெளியிட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மண்ணில் விழுந்த சீசியம்-137 என்ற கதிர்வீச்சுப் பொருள் பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். நாற்பது ஆண்டு போனாலும் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். ஓநாய் வந்தது விஷம் போனதால் அல்ல, மனிதன் போனதால்.

இனி என் கதை. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். காய்த்துளைப்பான் வண்டுக்கு அப்பா எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை அடிப்பார். (2011இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை அது கடையில் சாதாரணமாகக் கிடைத்தது. அப்பாவைத் திட்ட வராதீர்கள், ஊரே அடித்தது.) மருந்து அடித்த டின்னை ஓடையில் கழுவுவது என் வேலை. அப்போது எனக்குப் பதினாறு வயது. ஓடையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் கட்டைவிரல் நகம் அளவு நண்டுகள், பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் ஓடும். ஒருநாள் டின்னைக் கழுவி நிமிர்வதற்குள் நாலைந்து நண்டுகள் கல்லுக்கு மேலே ஏறி வந்து நின்றன. ஓடவில்லை. தொட்டால்கூட நகரவில்லை.

அப்பா போன பிறகு, அம்மாவின் வைத்தியத்துக்காகச் சேலத்திலேயே தங்கிவிட்டேன். மூன்று வருடம் தோட்டத்தில் யாரும் கால் வைக்கவில்லை. திரும்பிப் போனால் சில்வர் ஓக் அடியில் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி, முள்ளம்பன்றியின் முட்கள், வாசலிலேயே காட்டெருமைச் சாணி. மச்சான் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். "பார்த்தீர்களா மாப்பிள்ளை, மருந்தாவது மண்ணாங்கட்டியாவது, இயற்கை எல்லாவற்றையும் சரி செய்துவிட்டது" என்றார்.

நான் பேசாமல் ஓடைக்கு இறங்கி ஒரு கல்லைப் புரட்டினேன். ஒன்றுமில்லை.

எண்டோசல்பானும் சீசியமும் ஒன்றா என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை, தெரியும். நண்டு வராததற்கு மேலே உள்ள விடுதிகளின் சோப்புத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். நான் சொல்வது எதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்பதை. பெரிய விலங்கு கண்ணில் படும், படத்தில் விழும். செர்னோபிலில் பூச்சி, சிலந்திகளை எண்ணிய ஆய்வாளர்கள், கதிர்வீச்சு கூடிய இடத்தில் அவை குறைவு என்று எழுதினார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. தவிர, ஓநாய் காட்டில் பத்து வயதைத் தாண்டுவதே அரிது. புற்றுநோய் முற்றுவதற்குள் குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போகும், எண்ணிக்கை குறையாது. நம் வீட்டுப் பிள்ளையை அப்படி எண்ணிக்கையில் சேர்த்துப் பார்ப்போமா?

காட்டெருமை என்றதும் இன்னொன்று. அது வேலியை உடைத்ததற்கு நட்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். விலங்குதான் உடைத்தது என்பதற்குச் சான்று கேட்டார்கள். சாணியைப் படம் எடுத்துக் கொடுத்தேன். அது எந்த விலங்கின் சாணி என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இதற்காக நான்கு முறை ஏறி இறங்கினேன். பைசா வரவில்லை. வனம் திரும்புகிறது என்று மகிழ்பவர்கள் யாராவது வந்து அந்த வேலியையும் கட்டிக் கொடுத்தால் நல்லது.

போன மாதமும் கல்லைப் புரட்டிப் பார்த்தேன். தட்டான் குஞ்சு ஒன்று இருந்தது, நீருக்குள் வாழும் இறக்கையில்லாத பருவம். மச்சானிடம் சொல்லவில்லை.