ரூம் ஸ்பிரே, கொசுவத்தி, கிளீனர் எல்லாம் நிஜமாகவே மூச்சுக்குக் கெடுதலா, சும்மா பயமுறுத்துகிறார்களா?

பயமுறுத்தல் இல்லை. வீட்டில் யாருக்கோ வீசிங் இருக்கும், டாக்டர் ஏதோ சொல்லியிருப்பார், பெரியவர்கள் "நாங்க எல்லாம் இதுலதானே வளர்ந்தோம்" என்றிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே கதை.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த வேதியியல் எல்லாம் ஒரு மதியம் பாத்ரூமில் கற்றது.

மடிப்பாக்கத்தில் பழைய ஃபிளாட், போர் தண்ணீர், டைல்ஸ் முழுக்க உப்புக்கறை. நான்கு வருடம் முன்பு, போகிக்கு முதல் நாள். ஊருக்குப் போயிருந்த மனைவி திரும்புவதற்குள் பளபளவென்று ஆக்கிக் காட்டவேண்டும் என்று ஒரு வீம்பு. டாய்லெட் கிளீனரைப் பாதி பாட்டில் தரையில் ஊற்றினேன். கறை அசையவில்லை. சம்ப் கழுவ வாங்கியதில் மிஞ்சிய பிளீச்சிங் பவுடர் இருந்தது. இரண்டு கை அள்ளி அதன்மேலேயே தூவிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தேன். நாற்றம் ஹாலுக்குப் போகக்கூடாதே என்று கதவையும் சாத்தியிருந்தேன்.

நுரைத்தது. அடுத்த மூச்சு உள்ளே இறங்கவில்லை. கண் எரிச்சலில் தாழ்ப்பாள் தெரியாமல் தடவித் தடவித் திறந்தேன். இருமல் கேட்டு எதிர் ஃபிளாட் அக்காதான் ஆட்டோ பிடித்தார்.

நெபுலைசர் வைத்தார்கள், ராத்திரி தங்கச் சொன்னார்கள். சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாமாம். கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு என்று டியூட்டி டாக்டர் விளக்கினார். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். "நின்னுக்கிட்டுத் தேய்ச்சிருந்தா இவ்வளவு குடிச்சிருக்க மாட்டீங்க சார்" என்றார். 1915ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்டதும் இதே வாயுதான் என்று பிறகு படித்தேன்.

"லேபிளைப் படிக்காதது உன் தப்பு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஒத்துக்கொள்கிறேன். எழுத்து எறும்பு சைஸில் இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இதிலாவது உடனே மூச்சு முட்டியது. நீங்கள் கேட்கும் சமாச்சாரங்கள் அப்படிக் காட்டிக்கொடுக்காது. 2003ல் வெளிவந்த ஆய்வில் சீன, மலேசியக் கொசுவத்திகளை எரித்து அளந்தார்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். இழுப்பது வேறு, அறையில் பரவுவது வேறு என்பீர்கள். சரிதான். ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் அதிலேயே படுப்பது யார்? எலுமிச்சை வாசனை ஸ்பிரேயில் உள்ள லிமோனீன், காற்றிலிருக்கும் ஓசோனோடு வினைபுரிந்து, கண்ணையும் மூச்சையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயுவைத் தருகிறது. பாச்சை உருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த துணியைப் பச்சைக் குழந்தைக்கு அப்படியே சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைக்கு, உருண்டையிலுள்ள நாப்தலீனால் ரத்தச் சிவப்பணுக்களே உடையக்கூடும்.

சாமிக்கு ஊதுபத்தி ஏற்றாதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஏற்றுகிறோம், ஜன்னலைத் திறந்து வைத்து.

ஜன்னல் என்றதும்தான். எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் ஒரு டக்ட்டுக்குள் திறக்கிறது. புறா வருகிறது என்று மேல் மாடிக்காரர் அதன் வாயை ஷீட் போட்டு மூடிவிட்டார். அசோசியேஷனுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மாதம் 3,500 ரூபாய் மெயின்டெனன்ஸ் வாங்குகிறார்கள், கேட் வாசலில் புதுசாக இரண்டு கேமரா வந்துவிட்டது, ஷீட் மட்டும் நகரவில்லை. ஆஸ்பத்திரி ரசீதின் நகலையும் இணைத்தேன். "பர்சனல் மேட்டர்" என்று செயலாளர் திருப்பிக் கொடுத்தார்.

உப்புக்கறையும் அப்படியே இருக்கிறது. மாமியார் வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.