ஒரே பாட்டு, நாலு தடவை!

கே: பட்டறையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஏழு வரை எஃப்.எம். ஓடுது. ஒரே பாட்டு நாலு தடவை வருது. அவங்களுக்கு வேற பாட்டே கிடைக்கலையா?
- கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

ப: பாட்டு கொட்டிக் கிடக்கிறது. பத்து மணி நேரம் கேட்கிற உங்களைத்தான் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. நிகழ்ச்சி போடுவது ஆட்டோவில், டீக்கடையில் அரை மணி கேட்டுவிட்டுப் போகிறவருக்காக. அந்த நேரத்தில் ஹிட் பாட்டு வராவிட்டால் அவர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார் என்ற பயம். ஹிட் வரிசையின் மேல்தட்டில் ஐந்து பாட்டு, அவற்றுக்கு மணி நேரத்துக்கு இரண்டு இடம் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பும். உங்கள் நாலு தடவை வந்துவிட்டதா? ஐந்துக்குப் பதில் ஆறு வைத்தால் இன்னும் மோசம்: மூன்று மணி நேரச் சுற்று 24-ல் மீதியில்லாமல் அடங்கும், தினமும் அதே நேரத்துக்கு அதே பாட்டு வந்து நிற்கும்.

பட்டறைக்குப் பென்டிரைவ்தான் சரி. பாட்டு சராசரி நாலரை நிமிடம் என்றால் பத்து மணி நேரத்துக்கு 135 போதும். திங்கள் முதல் சனி வரை ஆறு ஃபோல்டர், மொத்தம் 810. 128 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்த எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. 4 ஜிபியில் பிதுங்கும், 8 ஜிபி வாங்குங்கள். ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், மற்றதைப் பல பிளேயர்கள் படிக்காது.

பாட்டைக் கலைத்துப் போடும் ஷஃபிளை நம்பாதீர்கள். மலிவான பிளேயர்கள் சில, போட்டது எது என்று ஞாபகம் வைக்காமல் குருட்டாம்போக்கில் எடுக்கும். அப்படி 135-ல் எடுத்தால், முதல் பதினாலு பாட்டுக்குள் ஏதோ ஒன்று திரும்பி வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டாலும் சில பிளேயர்கள் அதைச் சட்டை செய்யாது; காப்பி ஆன வரிசையில்தான் பாடும். எனவே வரிசைப்படியே காப்பி செய்யுங்கள். அதற்கு முன், எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் 89 டெசிபல் ஒலி அளவுக்குச் சமப்படுத்துங்கள். இல்லையென்றால் பழைய பாட்டு முனகும், புதுசு அலறும், வால்யூமைத் திருப்பவே ஓர் ஆள் வேண்டும்.

கே: எஸ்டேட் வீட்டில் ஒரே ஒரு எஃப்.எம். மட்டும், அதுவும் கரகரவென்று கேட்கிறது. மாற்றிக் கேட்க வழி உண்டா?
- வாசகி, ஏற்காடு

ப: எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவில் மேடு நின்றால் நிழல் விழும். சேலம் நிலையங்களுக்குத் தெற்குப் பக்க ஜன்னல், தர்மபுரி வானொலிக்கு வடக்குப் பக்கம். ஏரியல் கம்பி உடைந்திருந்தால் 75 செ.மீ. ஒயரை எடுத்து, நுனியில் இரண்டு செ.மீ. தோலுரித்து, அடிக்கட்டையில் இறுக்கிச் சுற்றுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதில் கால் பங்கு இது. போனில் கேட்டால் இயர்போன் ஒயர்தான் ஏரியல், சுருட்டி வைக்காதீர்கள். அப்படியும் கரகரத்தால் ரேடியோவை முக்கால் மீட்டர் நகர்த்திப் பாருங்கள். பாறையில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையை அடித்துப்போடும் இடங்கள் உண்டு, சிறு நகர்வே போதும். ராத்திரியில் மீடியம் வேவைத் திருப்புங்கள், தூரத்து ஊர்களெல்லாம் வரும். மீடியம் வேவுக்குப் பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் தண்டுதான் ஏரியல். கம்பியை இழுத்துப் பயனில்லை, பெட்டியையே திருப்ப வேண்டும்.

கே: முதல் வாரம் பிடிக்காத பாட்டை அடுத்த வாரம் முணுமுணுக்கிறேன். மாதக் கடைசியில் கேட்டாலே எரிச்சல். எனக்கு மட்டுமா?
- கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

ப: எல்லோருக்கும்தான். பழகப் பழகப் பிடிக்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968-ல் எழுதினார்; பிடிப்பு ஓர் உச்சிக்குப் போய் இறங்கும் என்பது டேனியல் பெர்லைன் சொன்னது. எரிச்சல் வந்த பாட்டைச் சில மாதம் தொடாதீர்கள். ரிங்டோனாக வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.