பிராம்ப்டுக்குப் பின்னால் ஓடும் ஃபெட்ச்: கேள்வி பதில்

பாஷ்-கிட்-பிராம்ப்ட் என்பது டெர்மினலில் கட்டளை தட்டும் வரியில் (பிராம்ப்ட்) கிட் ரெப்போவின் நிலையைக் காட்டும் கருவி. அது தானாகச் செய்யும் ஃபெட்ச் பற்றி, அதாவது சர்வரில் உள்ள புது கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) இறக்கிக்கொள்வது பற்றி வந்த கேள்விகள்.

கே: டீமில் ஒருவர் புஷ் செய்து கால் மணி ஆகிறது. நான் இன்னும் எடுக்காத கமிட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டும் கீழ் அம்பு என் பிராம்ப்டில் இல்லை. சும்மா இரண்டு முறை என்டர் தட்டினால் வந்துவிடுகிறது. ஏன்?

ப: அந்த எண் சர்வரைக் கேட்டு வருவதில்லை. கடைசி ஃபெட்சில் வந்து உங்கள் வட்டிலேயே இருக்கும் சர்வர் கிளையின் பிரதியோடு (ஆரிஜின்/மெயின்) உங்கள் கிளையை ஒப்பிட்டு எண்ணுவது. பிராம்ப்ட் வரும் ஒவ்வொரு முறையும், கடைசி ஃபெட்ச் எழுதிய ஃபெட்ச்_ஹெட் கோப்பின் நேரம் பார்க்கப்படும். 5 நிமிடத்துக்கு மேல் பழசென்றால் பின்னணியில் ஃபெட்ச் கிளம்பும். பிராம்ப்ட் அதற்காகக் காத்திருக்காது, கையில் உள்ள பழைய எண்ணைக் காட்டிவிடும். அடுத்த என்டரில்தான் புது எண். டைமர் எதுவும் கிடையாது: டெர்மினலைத் தொடவில்லை என்றால் ஃபெட்சும் இல்லை.

கே: என் கோப்புகளை மாற்றிவிடுமா?

ப: மாற்றாது. அது புல் அல்ல: புல்தான் இறக்கியதை உங்கள் கிளையிலும் சேர்க்கும்.

கே: ஒரு பெரிய ரெப்போவில் மட்டும் இதை நிறுத்த வேண்டும்.

ப: அந்த ரெப்போவின் மேல்மட்டத்தில் .பாஷ்-கிட்-ஆர்சி என்ற கோப்பு வைத்து, ஃபெட்ச்_ரிமோட்_ஸ்டேட்டஸ்=0 என்று ஒரு வரி எழுதுங்கள், அந்த வரி மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். எல்லா ரெப்போவுக்கும் என்றால் அதே வரியின் முன்னால் கிட்_பிராம்ப்ட்_ சேர்த்து உங்கள் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதுங்கள்.

கே: எஸ்எஸ்எச் சாவிக்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறேன். வேலைக்கு நடுவே கேட்கிறது.

ப: கிட் தானே கேட்கும் கடவுச்சொல்லைத்தான், இந்தக் கருவி ஃபெட்சோடு போடும் கிட்_டெர்மினல்_பிராம்ப்ட்=0 தடுக்கும். எஸ்எஸ்எச் டெர்மினலை நேரே திறந்து கேட்பதால் அதற்கு இது பொருந்தாது. காலையில் ஒருமுறை எஸ்எஸ்எச்-ஆட் போட்டு, சாவியை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட்டில் ஏற்றிவிடுங்கள். கிட்டின் கோர்.எஸ்எஸ்எச்கமாண்ட் அமைப்பில் பேட்ச்மோட் (எதுவும் கேட்காதே என்பது) வைக்கலாம்தான். ஆனால் நீங்களே கையால் ஃபெட்ச் செய்யும்போதும் கேட்காமல் தோற்றுப்போகும்.

கே: சர்வர் கிளை எதிர்பார்த்த கமிட்டில் இருந்தால் மட்டும் மேலெழுதும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டுத்தான் புஷ் செய்தேன். இருந்தும் இன்னொருவரின் கமிட் போய்விட்டது.

ப: பின்னணி ஃபெட்சின் உண்மையான ஆபத்து இதுதான், கிட் ஆவணமே எச்சரிக்கிறது. எதிர்பார்க்கும் கமிட்டைக் குறிப்பிடாவிட்டால், லீஸ் சர்வரை ஆரிஜின்/கிளையோடு ஒப்பிடும். 3.00க்கு அவர் புஷ் செய்கிறார். 3.04க்கு நீங்கள் ஸ்டேட்டஸ் பார்க்க, பின்னால் ஃபெட்ச் ஓடி ஆரிஜின்/கிளையை அவர் கமிட்டுக்கு நகர்த்திவிடுகிறது. 3.06க்கு உங்கள் புஷ்: இரண்டும் ஒன்றே, பூட்டு திறந்துவிட்டது. அவர் கமிட்டை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கிட் 2.30 முதல் ஃபோர்ஸ்-இஃப்-இன்க்லூட்ஸ் உண்டு. ரிமோட்டின் நுனி உங்கள் கிளையில் எப்போதாவது சேர்ந்ததா என்று ரெஃப்லாக்கில் (கிளை நகர்ந்த வரலாற்றுப் பதிவில்) தேடும். இல்லையென்றால் புஷ்ஷை மறுக்கும். தனியாகக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது, லீஸோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். மறந்துவிடுவோம் என்பதால் புஷ்.யூஸ்ஃபோர்ஸ்இஃப்இன்க்லூட்ஸ் அமைப்பை ட்ரூ ஆக்கிவிடுங்கள். தொலைந்த கமிட்டும் உங்கள் வட்டிலேயே இருக்கும், அதே ஃபெட்ச் கொண்டுவந்ததுதானே: ஆரிஜின்/கிளையின் ரெஃப்லாக்கைப் பார்த்து எடுங்கள்.