ஊர் சுத்துறவங்க கேள்வி, நம்ம பதில்

கேள்வி: ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் மாத்தி மாத்தி போயாச்சுங்க. நம்ம நாட்டுக்குள்ளயே, இதுவரைக்கும் பார்க்காத மாதிரி ஒரு அனுபவம் வேணும். எங்க போலாம்? (ஈரோடு வாசகி)

பதில்: மேகாலயாவுக்கு போங்க சகோதரி, யோசிக்கவே வேண்டாம். கவுகாத்தி வரைக்கும் ரயிலோ ஃபிளைட்டோ, அங்கருந்து ஷில்லாங் ஒரு நூறு கிலோமீட்டர், ஷில்லாங்ல இருந்து ஷேர் சுமோ பிடிச்சா சோரா. நாம ஸ்கூல்ல சிரபுஞ்சின்னு படிச்சோமே, அதே ஊர்தான், அங்க உள்ளவங்க சோரான்னுதான் சொல்லுவாங்க. 1860 ஆகஸ்ட்ல இருந்து 1861 ஜூலை வரைக்கும் ஒரே வருஷத்துல 26,461 மில்லிமீட்டர் மழை பெஞ்ச இடம். இவ்வளவு மழை பெஞ்சா மூங்கில் பாலம் எத்தனை நாள் நிக்கும், சீக்கிரமே உளுத்துப் போயிடும் இல்லையா, அதனால அங்க உள்ள காசிங்கற பழங்குடி மக்கள் பாலத்தை கட்டாம வளர்த்துட்டாங்க. ஓடைக்கரையில நிக்கற ரப்பர் ஆலமரத்தோட வேரை, குடைஞ்ச பாக்கு மரத்துக்குள்ள விட்டு அக்கரைக்கு கொண்டு போவாங்க, அது அந்தப் பக்கம் மண்ணுல இறங்கி தடிச்சு, ஆள் நடக்கற அளவுக்கு வர பதினஞ்சு இருபது வருஷமாவது ஆகும். வச்சவரு நடக்கறதுக்கு இல்ல, பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க நடக்கறதுக்கு. ஆனா நம்ம சிமெண்ட் பாலம் வருஷம் ஆக ஆக பலம் குறையும், இது வருஷம் ஆக ஆக பலம் கூடும்!

நோங்ரியாட்ங்கற ஊர்ல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு அடுக்கு வேர்ப்பாலம் இருக்கு. டிர்னாங்கற ஊர்ல வண்டிய விட்டுட்டு 3,000 படிக்கு மேல இறங்கணும், வேற வழி கிடையாது, அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அப்படித்தான் ஆள் முதுகுல இறங்குது. நிறைய பேர் காலைல இறங்கி போட்டோ எடுத்துட்டு மதியமே மூச்சு வாங்கிட்டு ஏறிடறாங்க, அப்படி பண்ணாதீங்க, ராத்திரி அங்கயே ஹோம்ஸ்டேல தங்குங்க. சாதாரண ரூம், சோறு பருப்பு முட்டை அவ்ளோதான், ஆனா கூட்டம் எல்லாம் மேல ஏறிப் போனதுக்கப்புறம் அந்த ஊரோட உண்மையான முகம் தெரியும். வீட்டுக்கு வந்தா முதல்ல வெத்தலை பாக்கு சுண்ணாம்பு நீட்டுவாங்க, அதுக்கு பேரு க்வாய், அந்தப் பாக்கு பச்சையா இருக்கும், தலை கிறுகிறுன்னு வரும், பழக்கம் இல்லன்னா ஒரு சின்னத் துண்டோட நிறுத்திக்கோங்க. பெண்ணா இருக்கறதால இன்னொண்ணும் சொல்றேன், அங்க பிள்ளைங்களுக்கு அம்மாவோட குலப்பேருதான், குடும்ப வீடு கடைசிப் பொண்ணுக்குத்தான் போகும்.

இன்னும் ரெண்டு நாள் இருந்தா கோங்தோங்ங்கற கிராமத்துக்கு போங்க. அங்க ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மா ஒரு மெட்டு போட்டு வைப்பாங்க, பேருக்கு பதிலா அந்த மெட்டுலயே கூப்பிடுவாங்க, வீட்டுக்குள்ளன்னா குட்டியா, காட்டுக்குள்ள தூரத்துல இருந்தா நீளமா. ஒருத்தர் மெட்டு இன்னொருத்தருக்கு கிடையாது. அக்டோபர் நவம்பர்ல போங்க, மழைக்காலத்துல அந்தப் படியெல்லாம் பாசி பிடிச்சு வழுக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 தாண்டிடுச்சு, அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏற முடியாது. அவங்களுக்கும் வித்தியாசமா ஏதாவது? (விருதுநகர் வாசகர்)

பதில்: கேரளாவுக்கு கூட்டிட்டு போங்க, ஆனா ஹவுஸ்போட் வேண்டாம், அரசாங்க போட்டுல கூட்டிட்டு போங்க. ஆலப்புழாவுல இருந்து கோட்டயம் பக்கம் நீர்ப் போக்குவரத்துத் துறையோட போட் ஓடுது, கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம், டிக்கெட் நம்ம டவுன் பஸ் மாதிரி தான். ஸ்கூல் பிள்ளைங்க, மீன் கூடைக்காரம்மா, கேன்ல டீசல் கொண்டு போறவரு எல்லாரும் ஏறுவாங்க இறங்குவாங்க, கண்டக்டர் மணி அடிப்பாரு. ரெண்டு பக்கமும் தண்ணி மட்டத்துக்கு கீழ வயல் கிடக்கும், அதைப் பார்த்தா விவசாயம் பண்ண எந்த அப்பாவும் ஜன்னலை விட்டு நகர மாட்டாரு. ஆகாயத்தாமரை மண்டிப்போச்சுன்னா கோட்டயம் வரைக்கும் போகாம முன்னாடியே நிறுத்திடுவாங்க, ஏறும்போதே கேட்டுக்கோங்க.

அப்படியே வைக்கம் போங்க. 2017ல ஓட ஆரம்பிச்ச ஆதித்யா, நாட்டோட முதல் சோலார் ஃபெர்ரி, வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவுல போகுது, 75 பேர் உட்காரலாம். டீசல் சத்தமே இல்லாம வேம்பநாட்டு காயலைத் தாண்டுறது பெரியவங்களுக்கு ரொம்ப சுகமா இருக்கும். வைக்கத்துலயே பெரியார் நினைவகமும் இருக்கு. கோயிலைச் சுத்தின தெருவுல எல்லாரும் நடக்கணும்னு 1924ல போராட்டம் நடந்துச்சே, அந்தத் தெருவுலயே அப்பா கையைப் பிடிச்சு மெதுவா ஒரு சுத்து நடந்துட்டு வாங்க.

கேள்வி: அந்தமான் போறோம். பாராட்டாங் போற வழியில ஆதிவாசிகளை நேர்ல பார்க்கலாம்னு ஏஜெண்ட் சொல்றாரு. நல்ல அனுபவமா இருக்குமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: தயவுசெஞ்சு அதுக்காக போகாதீங்க. அங்க இருக்கற ஜாரவா ஆதிவாசி மக்கள் சில நூறு பேர்தான் இருப்பாங்க, 1990கள் கடைசி வரைக்கும் வெளியாட்களை கிட்டவே சேர்க்காதவங்க, அவங்க காட்டை வெட்டித்தான் அந்த ரோடு போகுது. வண்டிகளை வரிசையா கான்வாய்ல விடுவாங்க, நடுவுல நிறுத்தறது, போட்டோ எடுக்கறது, சாப்பாடு கொடுக்கறது எல்லாமே சட்டப்படி குற்றம். 2012ல, சாப்பாட்டுக்காக அந்தப் பொண்ணுங்களை ஆட வச்ச வீடியோ வெளிய வந்து நாடே தலைகுனிஞ்சது. மனுஷங்களை ஜூவுல பார்க்கற மாதிரி கார் கண்ணாடி வழியா பார்க்கறதுக்கு பேரு அனுபவம் இல்லீங்க. நமக்கு சாதாரண சளி காய்ச்சல், அவங்களுக்கு உயிருக்கே ஆபத்து, அதையும் யோசிங்க. பாராட்டாங்ல இருக்கற சுண்ணாம்புக் குகை பார்த்தே ஆகணும்னா கடல் வழியா போக முடியுமான்னு விசாரிங்க, இல்லன்னா விட்டுடுங்க, அந்தமான்ல பார்க்க வேற எவ்வளவோ இருக்கு. வித்தியாசம்தான் வேணும்னா சென்னையில இருந்து கப்பல்ல போங்க, கிட்டத்தட்ட மூணு நாள் கடல் மட்டும்தான், அதுல வர்றவங்கள்ல நிறைய பேர் அந்தமான்லயே குடும்பம் நடத்தற நம்ம ஆளுங்க, அவங்ககிட்ட பேசினாலே தீவைப் பத்தி பாதி தெரிஞ்சுக்கலாம்.

கேள்வி: காலேஜ் முடிச்சாச்சு, கையில காசு கம்மி. கன்னியாகுமரி திப்ருகர் ரயில்ல கடைசி வரைக்கும் போகணும்னு ஆசை. வீட்ல பைத்தியமான்னு கேக்கறாங்க! (நாகர்கோவில் வாசகர்)

பதில்: போய்ட்டு வா தம்பி. விவேக் எக்ஸ்பிரஸ், 4,200 கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, நாட்டுலயே அதிக தூரம் போற ரயில், 75 மணி நேரத்துக்கு கிட்ட ஆகும். ஸ்லீப்பர்ல எடு, ஏசில கண்ணாடி அழுக்கா இருந்தா ஒண்ணும் தெரியாது. ஈரோட்டுகிட்ட காவிரி, விஜயவாடால கிருஷ்ணா, ராஜமுந்திரில கோதாவரி, கட்டாக்ல மகாநதி, ஃபராக்கால கங்கை, அஸ்ஸாம்ல பிரம்மபுத்திரா, இத்தனையும் ஒரே டிக்கெட்ல தாண்டறது வேற எங்க கிடைக்கும். நடுராத்திரின்னாலும் பாலம் வரும்போது எழுந்து கதவுகிட்ட நிக்காம ஜன்னல்ல உட்கார்ந்து பாரு. டீ விக்கறவர் பாஷை மாறிட்டே வரும், இட்லி போய் பூரி வரும், பூரி போய் ஜால்முரி வரும், கூட வர்றவங்க நம்ம ஊர்ல வேலை பார்த்துட்டு லீவுக்கு வீட்டுக்கு போற அஸ்ஸாம் பசங்களா இருப்பாங்க, அவங்ககிட்ட பேசு, அவங்க ஊரைப் பத்தி கேளு, நம்ம ஊர்ல அவங்ககிட்ட அதை யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

திப்ருகருக்கு முன்னாடி மரியானியிலயே இறங்கிட்டா ஜோர்ஹாட் பக்கம், அங்க நிமாதி காட்ல ஃபெர்ரி ஏறினா மாஜுலி தீவு. வைணவ மடங்கள் இருக்கு, சத்ரான்னு சொல்லுவாங்க, அதுல சாமகுரி சத்ராவுல மூங்கில், களிமண், சாணி, துணி வச்சு ராவணனுக்கும் ஜடாயுவுக்கும் முகமூடி செய்யறாங்க. நம்ம தெருக்கூத்து பார்த்தவனுக்கு அங்க ரொம்ப நேரம் நகரவே தோணாது. திரும்பற டிக்கெட்டை மட்டும் இப்பவே போட்டுடு, பண்டிகை சமயத்துல கிடைக்காது.

கேள்வி: சென்னைய விட்டு வெளிய போக லீவே இல்ல. என்ன பண்றது? (சென்னை வாசகி)

பதில்: ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், வெள்ளி சனி ராத்திரில நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஆமை நடை போகுது. பங்குனி ஆமை முட்டை போட கரைக்கு வரும், தன்னார்வலர்கள் அந்த முட்டையெல்லாம் எடுத்து பொரிப்பகத்துல பத்திரப்படுத்துவாங்க, 1988ல இருந்து மாணவர்கள் இதை விடாம செய்யறாங்க. ஆமை வரும்னு கேரண்டி கிடையாது, வராமலும் போகும். டார்ச் அடிக்கக்கூடாது, வெளிச்சம் ஆமையை குழப்பிடும். ராத்திரி நடக்க முடியாதவங்க, குழந்தைங்க இருக்கறவங்க, மார்ச் ஏப்ரல்ல சாயங்காலமா பொரிப்பகத்துக்கு போனா குஞ்சுகளை கடல்ல விடறதைப் பார்க்கலாம், அன்னைக்கு பொரிச்சிருக்கான்னு மட்டும் முன்கூட்டியே விசாரிச்சுட்டு கிளம்புங்க.